சைகோன்ல பாண்டிக்காரங்க பார்க்க வேண்டிய இடங்கள்: ஒரு நீண்ட இழை

1/ நான் போட்ட வியட்நாம் போட்டோக்களைப் பார்த்துட்டு "டாக்டர், ஹோ சி மின் நகரத்துல எதெல்லாம் பார்க்கலாம், லிஸ்ட் கொடுங்க"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தர்றேன். ஆனா அந்த லிஸ்ட் எனக்கு இணையத்துல கிடைக்கல. பாண்டிச்சேரியில, என் வார்டுல படுத்திருந்த ஒரு ஆயா வாயிலிருந்து கிடைச்சது. அதனால அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/ சில வருஷத்துக்கு முன்னாடி, எண்பது தாண்டிய ஒரு அம்மாவை மகன் கூட்டிட்டு வந்தார். ஏற்கெனவே மறதி நோய் உண்டு. "பத்து நாளா சரியா சாப்பிடல டாக்டர். ராத்திரி பூரா ஏதோ உளறுறாங்க. தூங்க ஒரு மாத்திரை கொடுங்க" என்றார். நாக்கு வறண்டு கிடந்தது. ரத்தத்துல சோடியம் எக்கச்சக்கமா ஏறியிருந்தது. கூடவே சிறுநீர்த் தொற்று. அட்மிட் பண்ணினோம். (குடும்பத்தின் அனுமதியோடு எழுதுறேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

3/ அவங்க திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொன்னாங்க. என் காதுக்கு "நுஅக்... நுஅக்"னு கேட்டது. முகத்தைப் பார்த்துட்டு "அம்மாவுக்கு எந்த ஊர்?"னு கேட்டேன். "சைகோன் சார். ஆனா எங்களுக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து தமிழ்தான். வேற பாஷை பேசி நாங்க கேட்டதே இல்ல" என்றார் மகன். வார்டு ஊழியர் ஒருத்தர்தான் வழி சொன்னார்: "எங்க தெருவுல இன்னொரு சைகோன் ஆயா இருக்காங்க. கூட்டிட்டு வரட்டுமா?"

4/ சாயங்காலம் ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. கட்டில் பக்கத்துல உட்கார்ந்து ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டாங்க. அப்புறம் எங்க எல்லாரையும் திரும்பிப் பார்த்து, சுத்தமான பாண்டித் தமிழ்ல கேட்டாங்க: "தண்ணி கேக்குறா. எத்தன நாளாப்பா கேக்குறா?"

யாரும் பதில் சொல்லல. மகன் சுவரைப் பார்த்து நின்னார்.

5/ இதுல மருத்துவம் என்ன? மறதி நோய் முத்தும்போது பின்னாடி கத்துக்கிட்டது முதல்ல போகும், சின்ன வயசுல பதிஞ்சது கடைசி வரை தங்கும் என்று பிரெஞ்சு அறிஞர் தியோதுல் ரிபோ 1881-லேயே எழுதினார். எல்லாருக்கும் அப்படியே நடக்கும்னு கிடையாது. நோய்க்கு முன்னாடி அதிகம் புழங்கின மொழி தங்குறதும் உண்டு. ஆனா இந்த ஆயாவுக்கு, அறுபது வருஷத்துக்கு மேல பேசின தமிழ் கரைஞ்சு, அடியில இருந்த வியட்நாம் மொழி மேலே வந்திருந்தது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

6/ அந்த இரண்டாவது ஆயா அதுக்கப்புறம் வாரம் ஒருமுறை வந்தாங்க. ரெண்டு பேரும் பேசினதுல இடங்கள் வந்துக்கிட்டே இருந்தது. ஆத்தோரக் கப்பல்துறை. செங்கல் மாதாகோயில். பெரிய சந்தை. கறுப்பம்மா கோயில். கத்தினா தெரு. நான் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதி வச்சுக்கிட்டேன். அதுதான் என் டூர் லிஸ்ட். இனி இடம் இடமாப் போவோம்.

7/ முதல் இடம்: ஆத்தங்கரையில் இருக்கிற "நியா ரோங்", அதாவது டிராகன் வீடு. கூரை மேல டிராகன் உருவம் இருக்கிறதால அந்தப் பேர். மெசாஜெரி மாரித்தீம் என்ற பிரெஞ்சுக் கப்பல் கம்பெனியின் பழைய அலுவலகம் இது. 1911 ஜூன்ல இங்கிருந்துதான் ஒரு இளைஞர் கப்பல் சமையலறை வேலைக்காரரா ஏறிப் பிரான்சுக்குப் புறப்பட்டார். பின்னாளில் உலகம் அவரை ஹோ சி மின் என்று அறிஞ்சது. இப்போ அது அவர் பெயரிலான அருங்காட்சியகம்.

8/ நமக்கு அதில் இன்னொரு கதை இருக்கு. நம்ம ஊர்க்காரங்க சைகோன் போனதும் இதே மாதிரி பிரெஞ்சுக் கப்பல்கள்லதான். பிரான்ஸ் 1859-ல் சைகோனைப் பிடிச்சது. 1862 ஒப்பந்தத்துல சுத்துப்பட்ட மாகாணங்களும் கைக்கு வந்தது. கொச்சின்சீனா என்று பேர் வச்சு ஆள ஆரம்பிச்சப்போ, பிரெஞ்சு படிச்ச குமாஸ்தாக்கள், வரி வசூலிக்கிறவங்க, போலீஸ்காரங்க, கோர்ட்டு ஊழியர்கள் தேவைப்பட்டாங்க. இருநூறு வருஷமா பிரெஞ்சுக்காரனோட பழகின பாண்டி, காரைக்காலில் அப்படி ஆள் இருந்தாங்க.

9/ இங்க ஒரு சட்டத்தைச் சொல்லணும். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சு இந்தியாவில் இருந்த ஒருத்தர் தன் சாதி, மத வழக்கச் சட்டங்களைக் கைவிடுறதா எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பெயரும் வச்சுக்கிட்டா, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வந்துடலாம். இவங்களுக்கு "ரெனோன்சான்" என்று பேர். துறந்தவர்கள். இதுக்கு முன்னோடி வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873-ல் ஐரோப்பிய ஷூ போட்டுக்கிட்டு பாண்டி கோர்ட்டுக்குள்ள வந்ததுக்காக அவரைத் தடுத்தாங்க. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயிச்சார். பிறகு லாபோர்த் என்று குடும்பப் பெயர் வச்சுக்கிட்டார்.

10/ ஊரில் தெருவுக்குள் செருப்புப் போட முடியாத சாதிகளிலிருந்து பலருக்கு அந்தக் கையெழுத்து ஒரு கதவைத் திறந்தது. சைகோன் போய் "நானும் பிரெஞ்சுக் குடிமகன், ஐரோப்பியனுக்கு உண்டான சம்பளம், லீவு எனக்கும் வேணும்"னு கேட்டாங்க. போராடி ஓரளவு வாங்கவும் செஞ்சாங்க. அதே ஊர்ல, மண்ணின் மக்களான வியட்நாமியர்களில் பெரும்பாலானவங்களுக்கு ஓட்டே கிடையாது. நம்மாளுக்கு ஓட்டு உண்டு. நாம பெருமையா சொல்ற கதையில இந்த வரியையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

11/ இரண்டாவது இடம்: நோத்ருதாம் மாதாகோயிலும் எதிரில் தலைமைத் தபால் நிலையமும். கோயில் 1877-ல் ஆரம்பிச்சு 1880-ல் முடிஞ்சது. செங்கல் பிரான்சிலிருந்து கப்பல்ல வந்தது. 2017-லிருந்து சீரமைப்பு நடக்கிறதால சாரம் கட்டியே பார்க்கலாம். தபால் நிலையம் 1886 முதல் 1891 வரை கட்டினது. ஈஃபில் கட்டினார்னு கைடுகள் சொல்வாங்க, நம்பாதீங்க. கட்டடக் கலைஞர் பெயர் ஃபூலூ. உள்ள சுவரில் பழைய வரைபடங்கள் ரெண்டு இருக்கு. நின்னு பாருங்க.

12/ மாதாகோயில்லேருந்து ஆத்தை நோக்கி இறங்குற தெருதான் ஆயாவின் "கத்தினா". பிரெஞ்சுக் காலத்தில் ரூ கத்தினா, இப்போ தோங் கோய். அந்தத் தெருவில்தான் 1900-ல் திறந்த ஒபரா அரங்கம். அங்கிருந்து ஒரு சந்து தள்ளி மூணாவது இடம்: தோங் யூ தெரு மசூதி. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டினது. சுத்தி வானுயர ஹோட்டல்கள், நடுவில் வெள்ளையும் நீலமுமா ஒரு அமைதி. முற்றத்து நிழலில் உட்கார்ந்தேன், காரைக்கால் பள்ளிவாசல் ஞாபகம் வந்தது.

13/ நாலாவது: தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டின தெண்டாயுதபாணி கோயில். அந்தக் காலத்தில் இந்தத் தெரு முழுக்கச் செட்டியார் கிட்டங்கிகள். மேகாங் டெல்டா நெல் விவசாயத்துக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவங்க இவங்க. 1930-கள் மந்தத்தில் நெல் விலை சரிஞ்சது. கடனைக் கட்ட முடியாம நிலங்கள் கைமாறின. அந்தக் கோபம் அந்த ஊர் மக்கள் மனசுல நியாயமாவே தங்கினது. முருகன் முன்னாடி நின்னப்போ எனக்கு இந்த ரெண்டும் ஒண்ணா ஞாபகம் வந்தது: கடல் தாண்டி வந்து கோயில் கட்டினதும், ஊர்க்காரன் நிலம் போனதும்.

14/ ஐந்தாவது இடத்தைத்தான் நீங்க தவற விடவே கூடாது. துரொங் தின் தெரு மாரியம்மன் கோயில். ஆயா சொன்ன "கறுப்பம்மா". பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் தமிழர்கள் கட்டினது. நான் போன அன்னிக்கு ஒரு தமிழ் முகம் கூட இல்ல. ஆனா கூட்டம் இருந்தது. வியட்நாம் பெண்கள், சீன வம்சாவளிக் குடும்பங்கள், வேலைக்குப் போற வழியில் ஹெல்மெட்டோட வந்த பையன்கள். கையில் பூ, ஊதுபத்திக் கட்டு.

15/ கருவறைக்குப் பின்னாடி ஒரு கல் சுவர் இருக்கு. வர்றவங்க அதில் முகத்தை ஒட்டி, வேண்டுதலை முணுமுணுன்னு சொல்றாங்க. ஒரு பாட்டி ரொம்ப நேரம் சுவரோடு பேசிக்கிட்டு இருந்தாங்க. எந்த மொழியில கேட்டாலும் மாரியம்மாவுக்குப் புரியும்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு என் வார்டு ஞாபகம் வந்து தொண்டை அடைச்சது. எங்களுக்குப் புரியலையே.

16/ அங்கிருந்து நடை தூரத்தில் ஆறாவது இடம்: பென் தான் சந்தை. இப்போ இருக்கிற கட்டடம் 1914-ல் திறந்தது, மணிக்கூண்டு வச்சது. உள்ள நுழைஞ்சா நம்ம பெரிய மார்க்கெட் மாதிரியே மீன் வாசம், மல்லி வாசம், கூவல். "கா ரி" கேட்டுச் சாப்பிடுங்க. தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்ட கோழிக் குழம்பு, தொட்டுக்க பிரெஞ்சு ரொட்டி. நம்ம கறி அங்க போய்ப் பெத்த பிள்ளை. பதிலுக்கு அவங்க சா யோ நம்ம ஊர் வீடுகளுக்கு வந்தது. பாண்டியில் பழைய குடும்பங்களில் விசேஷத்துக்கு அதைச் சுருட்டிப் பொரிக்கிறதைப் பார்த்திருப்பீங்க.

17/ ஏழாவது இடம் என் சொந்த ஆசைக்கு: பாஸ்டர் தெரு. சுதந்திரத்துக்கு அப்புறம் பிரெஞ்சுத் தளபதிகள், கவர்னர்கள் பேரெல்லாம் தெருக்களிலிருந்து போயிடுச்சு. ஆனா பாஸ்டர், கால்மெத், யெர்சின் என்ற மூணு பேர் இன்னும் தெருப் பலகைகளில் இருக்கு. மூணும் நோயை எதிர்த்து வேலை செஞ்சவங்க பேர்.

18/ அல்பேர் கால்மெத் 1891-ல் சைகோனில் பாஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். பெரியம்மை, வெறிநாய்க்கடித் தடுப்பூசிகள் அங்க தயாராச்சு. நாகப்பாம்புக் கடி கேஸ்களைப் பார்த்து நஞ்சை ஆராய ஆரம்பிச்சு, 1890-களின் நடுவில் பிரான்சில் பாம்புக்கடிக்கு எதிர்மருந்து செஞ்சார். பிறகு கெரெனோடு சேர்ந்து செஞ்ச காசநோய்த் தடுப்பூசிதான் பி.சி.ஜி. அதில் நடு எழுத்து "சி" இவர்தான். 1921-ல் முதல்முறை குழந்தைக்குக் கொடுத்தாங்க. 1948-லிருந்து கிண்டியிலும் தயாராச்சு. உங்க தோளில் இருக்கிற தழும்புக்குச் சைகோனோடு ஒரு சொந்தம் இருக்கு.

19/ எட்டாவது: சுதந்திர மாளிகை. 1975 ஏப்ரல் 30 அன்று டாங்கி கேட்டை உடைச்சு உள்ள போச்சே, அந்த இடம். சைகோன் என்ற தலைநகரம் அன்னிக்கு முடிஞ்சது. அடுத்த வருஷம் பேர் மாறிச்சு. மிச்சமிருந்த தமிழ்க் குடும்பங்களில் பலர் அப்போதுதான் கிளம்பினாங்க. நம்ம ஆயா அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துட்டாங்க.

20/ அதைப் புரிஞ்சுக்க 1954-ஐப் பார்க்கணும். மே 7 அன்று தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைஞ்சது. ஜூலையில் ஜெனிவா ஒப்பந்தம். அக்டோபர் 18 அன்று நம்ம கீழூரில் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டாங்க: இந்தியாவோடு சேர 170, வேண்டாம்னு 8. நவம்பர் 1 பாண்டி கைமாறிச்சு. ஆறே மாசத்துல பிரான்ஸ் ரெண்டு ஊரையும் விட்டுக் கிளம்ப ஆரம்பிச்சிருச்சு. அந்த நடுவில் மாட்டினவங்கதான் பிரெஞ்சுப் படையில இருந்த நம்ம "சொல்தா"க்கள். அங்க கல்யாணம் பண்ணிக்கிட்ட வியட்நாம் மனைவி, பிள்ளைகளோட எங்க போறது?

21/ சிலர் பிரான்ஸ் போனாங்க. சிலர் இங்க வந்தாங்க. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலுக்கு வந்தது. எந்த நாட்டுக் குடிமகனா இருக்கிறதுன்னு இங்க இருந்தவங்க ஆறு மாசத்துக்குள்ள முடிவு பண்ண வேண்டியிருந்தது. ஜூலை 14 அன்னிக்குக் கடற்கரைப் போர் நினைவிடத்துல மெடல் குத்திக்கிட்டு நிக்கிற தாத்தாக்களை எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. அவங்க பின்னாடி நின்ன மனைவிகளை யாரும் எடுத்த மாதிரி தெரியல.

22/ அவங்கள்ல பலர் வயசு இருபது கூட ஆகாம, பாண்டிக்கு எதிரே கடலில் நின்ன கப்பலிலிருந்து படகில் இறங்கினவங்க. மாமியார் வீடு, தெரியாத மொழி, புடவை, மிளகாய்க் காரம். நம்ம ஆயாவுக்கு வீட்டுக்காரர் போட்ட ஒரே கண்டிஷன்: பிள்ளைங்க கிட்ட தமிழ்ல மட்டும் பேசணும். கெட்ட எண்ணத்தில் இல்ல. தெருவில் பிள்ளைகளைக் கேலி பண்ணக் கூடாதேன்னுதான். அவங்களும் பேசல. சாகிற வரைக்கும் தமிழ்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. மூளை அந்த முடிவைக் காப்பாத்தல.

23/ இங்கேயே பார்க்க வேண்டியதையும் சொல்லிடறேன். டுமா வீதியில் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளி. 1898-ல் சைகோனில் பிறந்து, ஹனோய் போய், 1955-ல் பாண்டியில் கிளை விட்ட நிறுவனம். அதே 1955-ல் செயின்ட் லூயி வீதி பிரெஞ்சு நிறுவனத்தைத் தொடங்கின ழான் ஃபிலியோசா ஒரு கண் டாக்டர்! தமிழ், சமஸ்கிருதம் படிச்சு, ஓலைச்சுவடி சேர்க்க வழி பண்ணினார். இங்க இருக்கிற சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறிச்சு. சுவடியைக் காப்பாத்த ஆள் வந்தாங்க. ஆயாக்கள் தலைக்குள்ள இருந்த சுவடிகளைப் படிக்க யாரும் வரல.

24/ சைகோனில் பென் தான் சந்தையில நான் ரெண்டு நிமிஷம் போன்ல சத்தத்தை மட்டும் பதிவு பண்ணினேன். மீன்காரம்மா கூவல், பேரம், பைக் ஹாரன். திரும்பி வந்து ஆயா வீட்டுக்குப் போனேன். முதல்ல போட்டோ காட்டினேன். மாதாகோயில், தபால் நிலையம், கறுப்பம்மா. ஒண்ணும் இல்ல. கண்ணு எங்கேயோ பார்த்தது. அப்புறம் அந்தச் சத்தத்தைப் போட்டேன்.

25/ கொஞ்ச நேரம் கேட்டாங்க. புருவத்தைச் சுளிச்சாங்க. கோபமா ரெண்டு சொல் சொன்னாங்க: "மாக் வா!" கூட வந்திருந்த இரண்டாவது ஆயா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "என்ன சொல்றாங்க?"னு பதறினேன். "விலை ரொம்ப ஜாஸ்தியாம்ப்பா." மகன் முதல்முறையா அம்மா மொழியில ஒரு வார்த்தை கத்துக்கிட்டார். அடுத்த சில மாசம் அந்த வீட்டில் அம்மாவுக்கு மருந்து கொடுக்கும்போதெல்லாம் "மாக் வா"ன்னு சொல்லித்தான் சிரிக்க வைப்பாங்களாம். அதுக்கப்புறம் அமைதியா போயிட்டாங்க.

26/ அந்த "நுஅக்" என்ற சொல்லைப் பத்தி இரண்டாவது ஆயா ஒண்ணு சொன்னாங்க. வியட்நாம் மொழியில அதுக்குத் தண்ணீர்னு அர்த்தம். நாடுன்னும் அதே சொல்தான். அன்னிக்கு வார்டுல எங்க ஆயா கேட்டது தண்ணிதான், லேப் ரிப்போர்ட்டே சாட்சி. இன்னொண்ணையும் கேட்டாங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியாது.

27/ டாக்டரா மூணு விஷயம் சொல்லி முடிச்சுடறேன்.

ஒண்ணு: வயசானவங்களுக்குத் திடீர்னு குழப்பம், உளறல், தூக்கமின்மை வந்தா அதை வயசு மேல போடாதீங்க. தண்ணீர்ச் சத்து குறைவு, சோடியம், சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, பக்கவாதம் எதுவா வேணா இருக்கலாம். அன்னிக்கே காட்டுங்க. தூக்க மாத்திரை கேட்காதீங்க.

இரண்டு: மறதி நோய் உள்ளவங்க தாகத்தைச் சொல்ல முடியாம போகலாம். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணி அளவு குறைக்கச் சொல்லியிருந்தா தவிர, நேரம் பார்த்து நீங்களே கொடுங்க.

மூணு: உங்க வீட்டில் சைகோன், ரங்கூன், பினாங்கு, கொழும்புன்னு எந்த ஊரிலிருந்து வந்த பெரியவங்க இருந்தாலும், அவங்க பிறந்த மொழியில தண்ணி, பசி, வலி, பயம், அம்மா இந்த அஞ்சு சொல்லையாவது இன்னிக்கே கேட்டு எழுதி வைங்க. ஒரு நாள் அது மருந்துச் சீட்டை விட அவசியமா தேவைப்படும்.

28/ சைகோன் போறவங்க போயிட்டு வாங்க. கறுப்பம்மாவுக்கு எங்க ஆயா பேரைச் சொல்லி ஒரு கட்டு ஊதுபத்தி ஏத்துங்க. பேர் தெரியாதே என்கிறீங்களா? "பாண்டி ஆயா"ன்னு சுவர்ல சொல்லுங்க. அவளுக்குப் புரியும்.

உங்க வீட்டு சைகோன் கதைகள் இருந்தா கீழே எழுதுங்க, எல்லாத்தையும் படிப்பேன்.